முதலில் புது ஊரா, புது விமானமா? களியக்காவிளையிலிருந்து ஒரு ஒப்பீடு

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன், பதினாறு வருஷமாக. வருகிறவர்களில் பாதிப் பேர் தூத்தூர், வள்ளவிளை, கொல்லங்கோடு பக்கத்து மீன்பிடித் தொழிலாளிகள். மீதி, ரப்பர் விலை படுத்த காலத்தில் கல்ஃபுக்குப் போன வீடுகள், நர்ஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகள், அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வரும் மலையாளிகள். திருவனந்தபுரம் விமான நிலையம் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். சென்னை எழுநூறுக்கு மேல். அதனால் எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பரில் கோடு போட்டு மாநிலத்தைப் பிரித்தார்கள், சரி, ஆனால் பெட்டி கட்டும் வீட்டுக்கு அந்தக் கோடு தெரியாது.

கடைக்கு வரும் அம்மாமார் கேட்பது ஒரே கேள்விதான். "மக்கா, எடையில எறங்காம நேரே போற பிளேன் உண்டா?" உண்டு என்று சொல்லி டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, அது கிளம்புகிற நாள்வரை எனக்கு மனசு நிற்காது.

காரணம் இருக்கிறது. என் அக்காவின் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அத்தான் மஸ்கட்டில் இருந்தார். வாரம் மூன்று நாள் மட்டும் திருவனந்தபுரத்துக்கு நேரே வரும் ஒரு விமானத்தில் வியாழனுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். எஞ்சின் பழுது என்று வியாழன் ராத்திரி ரத்து செய்தார்கள். அடுத்தது சனிக்கிழமை, அது ஏற்கெனவே நிரம்பிவிட்டது. வேறு ஊர் சுற்றி வரும் டிக்கெட்டின் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். பந்தல் பிரித்தாகிவிட்டது. அந்த நிறுவனத்திடம் அன்று இன்னொரு விமானம் இல்லை, இருந்ததெல்லாம் எங்கோ பறந்துகொண்டிருந்தது. அதே மாதம் அவர்கள் இரண்டு புது ஊர்களுக்குச் சேவை தொடங்கப்போவதாக விளம்பரம் செய்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். நடுத்தர அளவில் உள்ள ஒரு விமான நிறுவனம், கையில் கொஞ்சம் பழைய விமானங்கள், கொஞ்சம் பணம், நிறைய ஊர்கள் கேட்கும் மக்கள் என்ற நிலையில் இருந்தால், முதலில் எதைச் செய்ய வேண்டும்? இருப்பதை வைத்துக்கொண்டு பாதைகளைக் கூட்டுவதா, புது விமானத்துக்குப் போவதா, புதுசு என்றால் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா, பெரியதா சிறியதா? எங்கள் பக்கத்தை நடுவில் வைத்து இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பழைய விமானம். பழசு என்றதும் எல்லாருக்கும் பயம் வருகிறது, ஆனால் பயப்பட வேண்டியது வயதுக்கு அல்ல, பராமரிப்புக்குத்தான். பன்னிரண்டு, பதினைந்து வயதான போயிங் 737-800 அல்லது பழைய ஏர்பஸ் ஏ320 ஒழுங்காகச் செக், அதாவது கட்டாயப் பராமரிப்புச் சோதனை, முடித்திருந்தால் நன்றாகவே பறக்கும். அவற்றில் பலவற்றில் இருக்கும் சிஎஃப்எம்56 எஞ்சின் கெட்டியானது என்று தொழில்நுட்பம் தெரிந்த எல்லாரும் சொல்வார்கள், இறக்கிப் பழுது பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். வாடகையும் குறைவு. ஏ320இன் புதுத் தலைமுறையான ஏ320 நியோவுக்கு மாதம் நான்கு லட்சம் டாலரைச் சுற்றி வாடகை போகும் காலத்தில், பழைய மாடல் ஏறத்தாழ அதில் பாதிக்குக் கிடைக்கும்.

குறை எங்கே என்றால் எரிபொருளில். புதுத் தலைமுறை விமானம் பழையதைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவாகக் குடிக்கும். இந்திய நிறுவனங்களுக்குச் செலவில் பெரும் பங்கு எரிபொருளே என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: பயணம் நீள நீளத்தான் அந்தச் சேமிப்பு பெருகும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், அதில் புது விமானத்தின் லாபம் நன்றாகத் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூருக்கு ஏறி இறங்குவதற்குள் பயணம் முடிந்துவிடும், அதில் சேமிப்பது கொஞ்சம், வாடகையில் கொடுக்கும் அதிகப்படி நிறைய. ஆக, பழசை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசுக்கு மாறு என்று மொத்தமாகச் சொல்வது தவறு. நீண்ட பாதைக்குப் புதுசு, குட்டைப் பாதைக்குப் பழசு என்று பிரித்துக்கொள்ளலாம்.

பழசில் இன்னொரு செலவு நேரம். பெரிய செக் என்று உள்ளே போனால் வாரக்கணக்கில் வெளியே வராது, பன்னிரண்டு வயதில் வரும் கனமான செக் என்றால் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். ஒரு விஷயம் எங்களுக்குச் சாதகம். திருவனந்தபுரத்திலேயே 737 விமானங்களைப் பார்க்கும் பராமரிப்புக் கூடம் 2011 முதல் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டரில் ஹேங்கர் இருக்கும் ஊரில் விமானத்தைப் பழுது பார்க்கச் சிங்கப்பூருக்கு வெறுமனே பறக்கவிட வேண்டியதில்லை.

இனி, புதுசாக ஆர்டர் போடுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானம், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் ஒரே கையெழுத்தில் 500 விமானம், ஆகாசா மொத்தம் 226 என்று செய்தி வந்தபோது கடையில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், டிக்கெட் விலை குறையும் என்று. ஆனால் ஆர்டர் வேறு, விமானம் வேறு. 2024 முடியும்போது ஏர்பஸ் கையில் கட்டித்தர வேண்டியவை 8,600க்கு மேல் இருந்தன. இன்று ஒரு நடுத்தர நிறுவனம் போய் வரிசையில் நின்றால் இந்தப் பத்தாண்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். போயிங்கிலும் இதே கதை. 2024 ஜனவரி 5ஆம் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் (737இன் புதுத் தலைமுறை) ஒன்றில், கதவுக்கான இடத்தை மூடியிருந்த அடைப்பு நடுவானில் கழன்று போனது, அதன்பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் மாதம் 38க்கு மேல் கட்டக்கூடாது என்று கட்டுப்படுத்தியது, அந்த ஆண்டே செப்டம்பரில் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வேறு. முன்பணம் கொடுத்துக் காத்திருக்கும் நிறுவனம், விமானம் வருமென்று நம்பிப் பைலட்டுகளை எடுத்து, ஊர்களை அறிவித்து, கடைசியில் எதுவும் வராமல் தவிக்கும்.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு: வேறு யாருக்கோ கட்டி, அவர்கள் எடுக்காமல் போன விமானத்தை வாங்குவது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு 2023 அக்டோபர் முதல் வேகமாகப் புது 737 மேக்ஸ்கள் வந்தது அப்படித்தான், அவற்றில் பல சீன நிறுவனங்களுக்காகக் கட்டப்பட்டவை. சீட்டு அமைப்பு அவர்களுக்கு ஏற்றபடி இருந்தது, பிசினஸ் வகுப்பு உட்பட, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் இது நல்ல யோசனைதான். சீட்டைப் பிறகு மாற்றலாம், ஐந்து வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அப்படிப்பட்ட விமானங்கள் எப்போதும் கிடைப்பதில்லை, ஒரு முறை சந்தையில் வந்தால் பெரிய கைகள்தான் முதலில் நீளும்.

சரி, புது விமானம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை, இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலரும் புதுசு புதுசு என்கிறோம். 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி என்ற அமெரிக்க எஞ்சின் கம்பெனி தன்னுடைய எஞ்சின் பாகங்களுக்கான உலோகப் பொடியில் குறை இருந்ததாக அறிவித்தது. ஏ320 நியோவில் பொருத்தும் எஞ்சின் அது. உலகமெங்கும் நூற்றுக்கணக்கான புத்தம் புது விமானங்கள் எஞ்சின் இல்லாமல் தரையில் நின்றன, இண்டிகோவில் மட்டும் ஒரு கட்டத்தில் எழுபதுக்கு மேல். அதற்கு முன்னாலேயே, அந்த வகை எஞ்சினை நம்பியிருந்த இந்திய விமான நிறுவனம் கோ ஃபர்ஸ்ட் 2023 மே 2ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. தன் ஏ320 நியோக்களில் பாதி, அதாவது 25 விமானம், எஞ்சின் வராமல் நிற்கிறது என்று அவர்களே சொன்னார்கள். 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைக் கலைக்கவே உத்தரவு வந்துவிட்டது.

அதன் அடி எங்கே விழுந்தது என்று பார்த்தால் கண்ணூரில். 2018 டிசம்பர் 9ஆம் தேதி திறந்த விமான நிலையம், 3,050 மீட்டர் ஓடுபாதை, எல்லா வசதியும் உண்டு. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து இறங்க மத்திய அரசின் அனுமதி இல்லை. இந்திய நிறுவனங்களை மட்டுமே நம்பிய அந்த ஊரில், கல்ஃபுக்குப் பறந்த இரண்டு முக்கிய நிறுவனங்களில் ஒன்று ஒரே நாளில் நின்றுபோனது. மிச்சமிருந்த சீட்டுகளின் விலை எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புதுப் பாதையை ஒரே நிறுவனமும் ஒரே வகை எஞ்சினும் தாங்கி நின்றால், எஞ்சின் போகும்போது ஊரே போய்விடுகிறது.

இன்னொன்று, வெப்பமும் தூசியும். புதுத் தலைமுறை எஞ்சின்கள், எந்தக் கம்பெனியுடையதானாலும், கல்ஃப் மணலிலும் நம் வெயிலிலும் குளிர் நாடுகளில் உழைக்கும் அளவுக்கு உழைப்பதில்லை. சீக்கிரமே இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எரிபொருளில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி பழுதுக் கூடத்தில் கரைகிறது. அதனால் புது விமானம் எடுக்கும் நிறுவனம் எத்தனை விமானம் எடுக்கிறது என்பதைவிட, கூடவே எத்தனை உதிரி எஞ்சினுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

வாங்குவதா, வாடகையா? நம் நாட்டில் பெரும்பாலும் வாடகைதான். பெரிய நிறுவனங்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. நூற்றுக்கணக்கில் ஆர்டர் போட்டு மலிவாக வாங்கி, கைக்கு வந்த அன்றே வாடகைக் கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்று, அதையே ஆறேழு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. இண்டிகோ இப்படித்தான் வளர்ந்தது. சிறிய நிறுவனத்துக்கு இந்த வழி பொருந்தாது, பத்து விமானம் வாங்குகிறவனுக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது. நேரடி வாடகைதான் வழி. வாடகை டாலரில், டிக்கெட் விற்பது ரூபாயில். ரூபாய் இறங்கும் ஒவ்வொரு முறையும் விமானம் அப்படியே நிற்க வாடகை மட்டும் ஏறுகிறது. கல்ஃப் பாதைக்கு இங்கே ஒரு அனுகூலம்: அந்தப் பக்கம் விற்கும் டிக்கெட் திர்ஹத்திலும் ரியாலிலும் வருகிறது, அந்த நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டவை. உள்நாட்டில் மட்டும் பறப்பவர்களுக்கு இந்தக் காப்பு கிடையாது.

விமானத்தை வாடகைக்கு விடும் கம்பெனிகளின் பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோ ஃபர்ஸ்ட் விழுந்தபோது அவர்களுடைய விமானங்கள் ஏறத்தாழ ஒரு வருஷம் இங்கேயே மாட்டிக்கொண்டன. 2024 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் 54 விமானங்களைப் பதிவு நீக்கி மீட்க முடிந்தது. அந்த ஒரு வருஷம் மற்ற இந்திய நிறுவனங்களுக்கும் வாடகை ஏறியது, யாரோ கட்டாத பாக்கிக்கு. 2025இல் நாடாளுமன்றம் விமானப் பொருள்களில் உரிமையாளர்களின் நலனைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியதால் இனி நிலைமை தேறலாம்.

பணியாளர்களோடு சேர்த்து வெளிநாட்டு விமானத்தையே வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. விலை அதிகம், ஆனால் அவசரத்துக்கு உதவும். ஓணம், கிறிஸ்துமஸ், கல்ஃபில் பள்ளிக்கூட விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்ட், இந்த மாதங்களுக்கு மட்டும் எடுப்பது சரி. அதை நம்பி வருஷம் முழுக்க ஒரு பாதை தொடங்கக்கூடாது.

அப்புறம் சிறிய விமானம். ஏடிஆர் 72-600, எழுபது சொச்சம் சீட்டு, காற்றாடி வைத்த வண்டி. ஏறத்தாழ 1,300 மீட்டர் ஓடுபாதை போதும், குட்டைப் பயணத்தில் எரிபொருள் நன்றாக மிச்சம். பல வருஷம் தூத்துக்குடிக்கு 1,350 மீட்டர் ஓடுபாதைதான் இருந்தது, வந்ததெல்லாம் ஏடிஆர் போன்ற காற்றாடி விமானங்கள்தான். கேரளத்தில் ஏர் கேரளா என்ற பெயரில் புது நிறுவனம் 2024 ஜூலையில் மத்திய அமைச்சகத்தின் தடையின்மைச் சான்று வாங்கியபோதும் திட்டம் மூன்று ஏடிஆர்களோடு தொடங்குவதுதான். ஏர் கேரளா என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் கடையில் பலர் கல்ஃப் டிக்கெட் மலிவாகும் என்று நினைத்தார்கள். நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. ஏடிஆர் 1,500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும், கடலைத் தாண்டி துபாய் சேராது. வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால் 2016இன் கொள்கைப்படி உள்நாட்டுச் சேவைக்கு 20 விமானமோ மொத்த இருக்கைகளில் 20 சதவீதமோ, எது அதிகமோ அது ஒதுக்க வேண்டும். மூன்றிலிருந்து இருபதுக்குப் போகிற வழியில்தான் பல நிறுவனங்கள் நம் நாட்டில் விழுந்திருக்கின்றன.

ஏடிஆருக்கு எங்கள் பக்கத்தில் எந்தப் பாதை பொருந்தும் என்றால், வெளிநாட்டுக்குப் பறக்கும் தகுதி பெற்ற நிறுவனத்துக்கு மாலத்தீவு. மாலேயிலிருந்து மருத்துவத்துக்குத் திருவனந்தபுரம் வருகிறவர்கள் நிறைய, தூரமும் அளவானது. உள்ளூரில் திருவனந்தபுரத்திலிருந்து கோயம்புத்தூர் பொருந்தலாம். வடக்கே காசர்கோடு வரைக்கும் 2023 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, அதோடு போட்டி போடுவது வீண். ஆனால் நடுத்தர நிறுவனம் ஒன்று பெரிய விமானத்தோடு ஏடிஆரையும் சேர்த்து வைத்தால் பைலட் தனி, பொறியாளர் தனி, உதிரிப் பாகம் தனி என்று இரண்டு குடும்பம் நடத்த வேண்டும். முப்பது நாற்பது விமானம் ஆகும் வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

எந்த ஊரில் விமானத்தைக் கட்டிவைப்பது என்பதிலும் ஒப்பீடு தேவை. எங்கள் எல்லையில் ஒவ்வொரு நாளும் கண்ணில் படும் காட்சி, பாறசாலைப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கம் வந்து பெட்ரோல் அடித்துக்கொண்டு போவது, கேரளத்தில் விலை கூடுதல் என்பதால். விமான எரிபொருளில் இது தலைகீழ். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். தமிழ்நாட்டில் 29 சதவீதம், கேரளத்தில் 5, ஆந்திரத்தில் 1. வெளிநாட்டுக்குப் பறக்கும் நேரத்தில் நிரப்பும் எண்ணெய் ஏற்றுமதியாகக் கருதப்படுவதால் அதற்கு இந்த வரி இல்லை, ஆனால் அதே விமானம் பகலில் உள்நாட்டில் இரண்டு முறை போய்வரும்போது இந்த வரி கையைக் கடிக்கும். கோயம்புத்தூரையோ மதுரையையோ தளமாக வைக்கிற நிறுவனத்தைவிடத் திருவனந்தபுரத்தை வைக்கிற நிறுவனம் முன்னால் நிற்பதற்கு இது ஒன்றே போதும். தமிழ்நாடு அரசு இதைக் குறைக்க வேண்டும் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தென்மாவட்டத்துக்காரர்கள் மாநிலம் தாண்டி ஏறி இறங்குவதில் எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் தென்காசியில் இருப்பவர் ஆரியங்காவு மலை ஏறி இறங்கித்தான் விமானம் பிடிக்க வேண்டும் என்பது சரியில்லை.

ஓடுபாதையில் திருவனந்தபுரம் 3,400 மீட்டர், கவலை இல்லை. கோயம்புத்தூர் 3,000க்குச் சற்றே குறைவு. மதுரை 2,286 மீட்டர்தான், கண்ணூரைப் போலவே கல்ஃப் நிறுவனங்கள் வர அனுமதி வேண்டும் என்று அங்கேயும் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். தூத்துக்குடிக்கு 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் புது முனையத்தைத் திறந்தார். இனி அங்கே ஏ320 இறங்கலாம். அந்த விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் எங்களுக்கு மூன்று மணி நேரம், ஆனால் திருநெல்வேலி, திருச்செந்தூர் பக்கத்துக்குப் பெரிய வாசல். திருவனந்தபுரத்தில் ஒரு தனி நடைமுறையும் உண்டு, பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் வருஷத்தில் இரண்டு நாள் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போகும்போது சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். எல்லாரும் முன்கூட்டியே அறிந்து அட்டவணை போடுகிறார்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முன்கூட்டித் தெரிந்த நிறுத்தத்தை ஜனங்கள் மனசாரத் தாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு அது எங்கள் கண்முன் இருக்கும் சாட்சி.

கல்ஃப் பாதை கூட்டுவது நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரம் ஏறத்தாழ 66,000 இருக்கை என்று ஒப்பந்தம், அது பல வருஷமாக நிரம்பிக் கிடக்கிறது. எமிரேட்ஸ் இன்னும் வேண்டுமென்று கேட்கிறது, நம் அரசு தரவில்லை, நம் நிறுவனங்கள் வளரட்டும் என்பது காரணம். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் நிறுவனங்களுக்கு விமானம் வரவில்லை, அவர்களுக்கு அனுமதி வரவில்லை, நடுவில் நிற்பவர் ஓணத்துக்கு ஊர் வர நினைக்கும் தொழிலாளி.

பைலட் கணக்கும் மறக்கக்கூடாதது. ஒரு விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பைலட் வேண்டும். கல்ஃப் விமானங்கள் பெரும்பாலும் ராத்திரியில். புது ஓய்வு விதிகளில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவில் இறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்களை ரத்து செய்த நாட்களை எல்லாரும் பார்த்தோம். விதி நல்ல விதி, தூக்கக் கலக்கத்தில் யாரும் விமானம் இறக்கக்கூடாது. ஆனால் அதற்கு ஏற்ற ஆள் சேர்க்காமல் அட்டவணையைக் கூட்டினால் நாட்டின் பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

இதையெல்லாம் வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கையில் பத்து விமானம். ஒவ்வொன்றும் ராத்திரி ஒரு கல்ஃப் போய்வரும், பகலில் உள்நாட்டில் ஓடும். பத்தையும் அட்டவணையில் போட்டால் வாரம் 70 கல்ஃப் பயணம். ஒன்றைச் சும்மா நிறுத்திவைத்தால் 63. அந்த 63ஐ வாரம் மூன்று என்று பிரித்தால் 21 பாதைகள், தினமும் என்று வைத்தால் 9 பாதைகள். விளம்பரப் படத்தில் 21 புள்ளி அழகாகத் தெரியும். ஆனால் வாரம் மூன்று பாதையில் ஒரு ரத்து என்றால் இரண்டு மூன்று நாள் போகும், தினசரிப் பாதையில் மறுநாள் போய்ச் சேரலாம், நிறுத்திவைத்த விமானம் இருந்தால் அன்றைக்கே.

சும்மா நிற்கும் விமானத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்பார்கள். பழைய மாடல் ஒன்று, மாதம் இரண்டு லட்சம் டாலர், நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடி அளவில் வாடகை. வாரம் 63 போய்வருதல், 180 சீட்டு, அதில் 85 சதவீதம் நிரம்பினால் மாதம் எண்பதாயிரத்துக்கு மேல் பயணிகள். ஆளுக்கு 200 ரூபாயைச் சுற்றித்தான் வருகிறது. பைலட் காத்திருப்பு, நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்த்து 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு வரும் எந்த அம்மாவிடமும், முன்னூறு கூடக் கொடுத்தால் பிள்ளை சொன்ன நாளில் வந்துவிடுவான் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். இதை நான் பதினாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

அதனால் என் தேர்வு இதுதான். கெட்டியான எஞ்சின் உள்ள பழைய விமானங்களின் வாடகையை நீட்டித்து, அவற்றைக் குட்டைப் பாதைக்கும் ஒன்றை உதிரியாகவும் வைக்க வேண்டும். நீண்ட கல்ஃப் பாதைக்கு மட்டும் புதுசை வாடகையில், உதிரி எஞ்சினோடு சேர்த்து, வருஷத்துக்கு இரண்டு மூன்றாக எடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தைத் தளமாக வைக்க வேண்டும். இருக்கிற பாதைகள் தினசரி ஆகும் வரை புது ஊர் அறிவிக்கவே கூடாது. 2005 ஏப்ரல் 29ஆம் தேதி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் முதன்முதலாகப் பறந்தது திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத்தான். இந்தப் பாதைகளுக்கு ஆள் இருக்கிறார்களா என்ற சந்தேகம் அன்றைக்கே இல்லை.

புது ஊர் கேட்கிறவர்களிடமும் நான் இதையே சொல்கிறேன், சில பேருக்குக் கோபம் வருகிறது. தம்மாமுக்கு நேரே வேண்டும், குவைத்துக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் வாரம் இரண்டு நாள் பறக்கும் ஒரு விமானம் தொடங்கி, ஆறு மாதத்தில் நிறுத்தி, கையில் டிக்கெட்டோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பணம் திரும்ப வாங்கிக் கொடுக்க மாதக்கணக்கில் நானும் போன் செய்திருக்கிறேன்.

அக்கா மகளுக்கு வரும் ஆவணியில் கல்யாணம். அத்தானுக்கு இந்த முறை நேரே வரும் வாரம் மூன்று நாள் விமானத்தில் நான் டிக்கெட் போடவில்லை. கொச்சிக்குத் தினமும் வருகிற ஒன்றில் போட்டிருக்கிறேன், கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால். நெடும்பாசேரியிலிருந்து களியக்காவிளைக்குக் காரில் ஐந்தாறு மணி நேரம். வண்டியோடு நானே போய்க் காத்திருப்பேன்.